மூன்றில் இருந்த கோடு

"மேடம், கோட்ட மூணுலேருந்து ஏழுக்கு இறக்கிடலாமா?" என்று கேட்டார் குழந்தைவேலு.

பாலிடெக்னிக்கில் இருபது வருடம் பாடம் நடத்திவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். வழிகாட்டி எஸ்தர் அவரைவிடப் பதினொரு வயது இளையவர். வழிகாட்டியே ஆனாலும், அவரை சார் என்றுதான் கூப்பிடுவார்.

கண்ணாடிச் சில்லில் முடியளவு வாய்க்கால். அதன் குறுக்கே நுண்ணலை. வடிகட்டிய இரத்தத்தில் புற்றுநோய் செல் ஒன்று மிஞ்சிக் கடந்தால், திரையில் அலை ஒரு கணம் சரியும். சரிவு கோட்டைத் தாண்டினால் செல். தாண்டாவிட்டால் வெறும் இரைச்சல். எண் கூடக் கூடக் கோடு திரையில் கீழே இறங்கும்.

"ஏழுல வச்சா எத்தனை விழுது?"

"ஒண்ணுமில்ல."

"மூணுல?"

"பதினாலு."

எஸ்தர் சிரித்தார். "காலேஜ்லயும் இப்படிக் கோட்ட நகர்த்தித்தான் பாஸ் போட்டீங்களா, சார்?"

குழந்தைவேலு சிரிக்கவில்லை.

எஸ்தர் இரத்தக் குப்பியை எடுத்துப் பார்த்தார். நோயாளி எண் எழுதவேண்டிய இடம் காலியாக இருந்தது.

"யாரோடது?"

"பூங்கோதையோடது."

அவர் மனைவி. மார்பில் ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருடம். எல்லாம் சரியாகிவிட்டது என்று போன மாதம்தான் குழந்தைவேலு ஆய்வகத்துக்கு லட்டு கொண்டுவந்திருந்தார்.

எஸ்தர் உட்கார்ந்தார்.

"சில்லு பழசு மேடம். இரைச்சலா இருக்கலாம்."

"இருக்கலாம். உங்க இரத்தத்தையும் ஓட்டிப் பாத்துடலாம். கையை நீட்டுங்க."

எஸ்தரே ஊசி போட்டு எடுத்தார். தன் இரத்தத்தைக் குழந்தைவேலு தானே வடிகட்டினார். அதே சில்லு. எஸ்தர் கோட்டை மூன்றில் வைத்தார்.

இருபது நிமிடம். அலை சரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும் மேடம்."

ஓடியது.

"ஒண்ணே ஒண்ணாவது விழும்."

விழவில்லை.

எஸ்தர் மெதுவாகச் சொன்னார். "நம்ம கருவி முடிவு சொல்லாது, சார். ஆஸ்பத்திரியில பாக்கணும்."

"அவகிட்ட என்னன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறது?"

"இரத்தம் எடுக்கறப்ப என்ன சொன்னீங்க?"

"கருவி சரியா இருக்கான்னு பாக்கன்னு சொன்னேன்."

"நம்பினாங்களா?"

குழந்தைவேலு கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"'எதுவா இருந்தாலும் அன்னிக்கே சொல்லிடுங்க'ன்னா."

"என்னிக்கு எடுத்தீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

சில்லுக்குள் இரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருந்த பம்ப்பை எஸ்தர் நிறுத்தினார்.

"இன்னிக்கு வெள்ளி, சார்."