சந்தனத்துக்கு அடியில்

முப்பிடாதி புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு ரிம்மைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஆயுத பூஜை. குத்துவிளக்குக்குத் தேய்க்கிற மாதிரியே அழுத்தித் தேய்த்தாள்.

அது அவள் புருஷன் வெயிலுமுத்துவின் ரேஸ் சைக்கிள் ரிம். மலை இறக்கத்தில் லாரி மோதி அவன் போனபிறகு அவளிடம் வந்து சேர்ந்தது அது ஒன்றுதான். அவன் சைக்கிளுக்குச் சக்கரம் கோத்துக் கொடுத்த ஜொகரா அக்கா கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். பின்னறையில் பிள்ளையோடு தங்கிக்கொண்டாள். அங்கே ரிம்மை உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தாள். அதைச் சுற்றிவிட்டால்தான் பிள்ளை தூங்குவான். அவன் தூங்கினபிறகு அவள் அதோடு பேசுவாள். கடைக்கு யார் வந்தார்கள், குழம்பில் உப்பு எப்படிக் கூடிப்போனது, அப்படி. அவளுக்கு வேறு ஆள் இல்லை.

வெள்ளி தவறாமல் ரிம்மின் ஓட்டைக்கு ஓட்டை சந்தனம் வைப்பாள். அது காய்ந்து காய்ந்து ஓட்டைகளை மூடிப் பொருக்காக ஏறியிருந்தது.

"நாளைக்குப் பொரிகடலையில எனக்குப் பெரிய பங்கு வேணும், ஆமா" என்றாள் ஜொகரா, கையில் இருந்த சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டே.

"ஒங்களுக்கு இல்லாமலா யக்கா."

வேலைக்கு வந்த புதிதில் முப்பிடாதி ஒன்று கேட்டிருந்தாள். "ஒரே கம்பெனி, ஒரே பேரு. பழைய ரிம்முல எது முந்திச் செஞ்ச அடிப்பு, எது பிந்திச் செஞ்ச அடிப்புன்னு எப்படிக்கா தெரியும்?"

"இட்லி வெந்திருக்கான்னு எப்படிப் பாப்ப?"

"வெரல நனைச்சுத் தொட்டு."

"அப்ப தொடு. கண்ண மூடிக்க."

இரண்டு ரிம்களை அவள் மடியில் வைத்தாள் ஜொகரா. ஸ்போக்ஸ் கம்பி நுழைகிற ஓட்டைகளைத் தடவினாள் முப்பிடாதி. ஒன்றில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. மற்றதில் தடுக்கியது.

"தடுக்கிறது வளையம். அது பிந்தினது. முந்தினதுல வளையம் கெடையாது, வெறும் ஓட்டைதான்."

அன்றைக்குத்தான் வெயிலுமுத்துவின் பீற்றல் அவளுக்குப் புரிந்தது. 'என்னுது முந்தின அடிப்பு, ஓட்டையில வளையம் கெடையாது' என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வான். சைக்கிள் கிறுக்கு என்று தலையாட்டிவிட்டுப் போவாள்.

இப்போது புளித்தண்ணீரில் சந்தனம் கரைந்து ஓடியது. அவள் விரல் நின்றது. அடுத்த ஓட்டைக்குப் போனது. அதற்கடுத்ததற்கும்.

"யக்கா."

"என்னட்டி?"

"தடுக்குது."

ஜொகராவின் கையில் சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் நின்றது.

"இன்னொருக்காப் பாரு."

"பாத்துட்டேன். எல்லா ஓட்டையிலயும் வளையம் இருக்கு. இது அவுகளுது இல்ல."

"இல்லதான்."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"நான்தான குடுத்தேன்."

முப்பிடாதி தலை நிமிரவில்லை. "அவுகளுது எங்க?"

"லாரிக்கு அடியில கெடந்ததுக்கு ரிம்முன்னு பேரு சொல்ல முடியாதுட்டி. அவுகளுது எதாவது இருந்தா குடுங்கன்னு நீ வாசல்ல வந்து கைய நீட்டிக்கிட்டு நின்ன. வெறுங்கையா அனுப்ப எனக்கு மனசு வரல."

"பெறகு எதுக்கு எனக்கு வித்தியாசம் பாக்கச் சொல்லிக் குடுத்தீக?"

"நீ கேட்ட."

"ஆறாப்பு படிச்சவ கேட்டா எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாமே."

"ஒரு பொய் குடுத்தாச்சு. ரெண்டாவதும் குடுக்கவா?"

முப்பிடாதி ரிம்மை மடியில் கிடத்தினாள். புளித்தண்ணீர் சேலையில் இறங்கியது.

"அப்ப இத்தன நாளா நான் யாருகிட்ட உக்காந்து..."

"அம்மா!" பின்னறையில் பிள்ளை விழித்துக் கத்தினான். "சக்கரத்தக் காணோம்மா!"

ஜொகரா எழுந்து வந்தாள். மடியில் கிடந்த ரிம்மை எடுத்துத் தன் முந்தானையால் ஈரம் போகத் துடைத்தாள். அவள் கையில் கொடுத்தாள்.

"தேடுதான் பாரு. கொண்டுபோய் மாட்டு."