படகில் குறையில்லை

"ஊர்த் தலைவர் என்று ஒருவர் எதற்கு இருக்கிறார்? ஊர் தப்புச் செய்யும்போது அது தப்பு என்று சொல்லத்தானே?"

தெபோராள் இதைக் கேட்டது மூன்றாவது தடவை. ஒபதியா காதில் வாங்காதவர் போலப் படகின் அடிப்பலகையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்.

வெல்ஃபோர்ட் என்பது அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு சின்னத் துறை. இங்கிலாந்து ராஜாவின் பேரால் ஆட்சி நடந்த காலம். ஒபதியா இருபது வருடம் கப்பல் தச்சராகக் கடலில் கிடந்தவர். கரைக்கு வந்து படகுப் பட்டறை போட்டார். நேர்மையான கை என்று ஊர் அவரைத் தலைவராக்கியது. தெபோராளுக்கு அவரைவிட நான்கே வயது குறைவு. புருஷன் போனபிறகு அவன் பார்த்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்: பலகை இடுக்குகளில் நாரைத் திணித்துத் தார் பூசும் வேலை. ஒபதியா பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுத்தார். அவள் கையோடு வாயும் சேர்ந்தேதான் வேலைக்கு வருகிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

தப்பு என்று அவள் சொன்னது இதை. நகோமி என்ற மீனவ விதவை போன வசந்தத்தில், இருமுகிற ஒரு பெண்குழந்தையோடு அந்த ஊருக்குப் பிழைக்க வந்தாள். வந்தவர் முழுசாக ஒரு வருடம் தங்கிவிட்டால் ஊராராகிவிடுவார். பிறகு அவர் பசித்துக் கிடந்தால் ஊர்தான் கஞ்சி ஊற்ற வேண்டும். வருடம் முடியுமுன் வந்த ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டால் அந்தப் பொறுப்பு இல்லை. இப்படி ஒரு சட்டம்.

கூட்டம் கூடியது. அனுப்பலாம் என்பவர் தொப்பிக்குள் மக்காச்சோள மணி போட வேண்டும். வேண்டாம் என்பவர் அவரை விதை. மூடிய கையை உள்ளே விட்டு, மூடிய கையாகவே வெளியே எடுப்பார்கள். ஆண்கள் மட்டும்தான். சோளத்தையும் அவரையையும் உரித்துக் கொடுத்தது பெண்கள்.

முப்பத்தெட்டுச் சோளம். மூன்று அவரை.

"தீர்மானம் ஆயிற்று. படகு தயாரானதும் அனுப்புவோம்" என்றார் தலைவர். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

"நீங்கள் பேசியிருந்தால் கேட்டிருப்பார்கள், ஐயா. எனக்கு அங்கே வாய் கிடையாது. வாய் இருக்கிற நீங்கள் பூட்டு போட்டுக்கொண்டீர்கள்."

"உனக்கா வாய் கிடையாது?"

"சிரிக்காதீர்கள்."

ஒபதியா சுத்தியலைக் கீழே வைத்தார்.

"ஒருமுறை பேசினேன்."

"எங்கே?"

"கடலில். நடுப் பாய்மரம் அடியில் உளுத்திருந்தது. மாலுமிகள் அத்தனை பேரும் நிற்கும்போது கேப்டனிடம் சத்தமாகச் சொன்னேன், இது தாங்காது என்று. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எவ்வளவு தாங்கும் என்று காட்டுகிறேன் பார் என்று எல்லாப் பாயையும் விரிக்கச் சொன்னார்."

"அப்புறம்?"

"நான் சொன்னது சரிதான் என்று ஆயிற்று. மூன்று பேர் போனார்கள்."

தெபோராள் தார்த் தூரிகையைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"அது அந்த ஆளுடைய திமிர். உங்கள் தப்பு இல்லையே?"

"எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்" என்ற ஒபதியா, சாக்குக்கட்டியை எடுத்து இன்னொரு பலகைமேல் பெருக்கல் குறி போட்டார். பெருக்கல் குறி என்றால் பலகை கெட்டது, மாற்ற வேண்டும்.

அவள் அந்தப் பலகையைத் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது.

"ஐயா, இது நல்ல பலகை."

"அப்படியா?"

"போன வாரம் மாற்றினோமே, அதுவும் நல்ல பலகைதான். அதற்கு முந்தின வாரம் மாற்றியதும்."

அவர் அடுத்த பலகைக்கு நகர்ந்தார். அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் கோபம் இரட்டிப்பானது.

"ஓகோ! கூட்டத்தில் வாய் திறக்க மாட்டீர்கள். இங்கே உட்கார்ந்து நல்ல பலகைக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுப்பீர்கள். குளிரில் துறை உறைந்து படகு போக முடியாமல் ஆகிற வரைக்கும் இப்படியே இழுப்பீர்கள். இதற்குப் பேர் தலைமையா?"

"குழந்தைக்கு இருமல் குறைந்திருக்கிறது."

"அது என் கேள்விக்குப் பதில் இல்லை."

"இல்லைதான்."

அந்த நேரம் பார்த்து சபை மூப்பர் எலெயாசர் பட்டறைக்குள் வந்தார். நகோமியை அனுப்ப வேண்டும் என்று கூட்டத்தில் முதலில் எழுந்து பேசியவர் அவர்தான்.

"என்ன தலைவரே, கட்டுவது படகா, நோவாவின் பேழையா? ஐந்து வாரம் ஆகிறது."

"கடலுக்குப் போகிற படகு, மூப்பரே. சும்மா சரி என்று சொல்லிவிட முடியுமா?"

மூப்பர் தெபோராள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லம்மா. உன் கையும் இதில் பட்டிருக்கிறது. வேதத்தில் தெபோராள் ஒரு ஜனத்துக்கே தீர்ப்புச் சொன்னாள். நீ ஒரு படகுக்குச் சொல்ல மாட்டாயா?"

அந்த ஊரில் பெரிய மனிதர் ஒருவர் அவளிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் ஒபதியாவைப் பார்த்தாள். அவர் கண் காட்டவில்லை, தலை அசைக்கவில்லை. மேல்சட்டையில் ஒட்டிய மரச்சீவலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"படகில் குறையில்லை" என்றாள்.

"கேட்டீரா தலைவரே!"

"இன்னும் முடிக்கவில்லை, மூப்பரே. துடுப்புப் போட நான்கு பேர் வேண்டும். சோளம் போட்டவர்கள்தான் வர வேண்டும். துடுப்புப் போடுகிறவர் பின்பக்கம் பார்த்துத்தானே உட்காருவார்? நகோமியும் குழந்தையும் அங்கேதான் இருப்பார்கள். ஆறு மணி நேரம் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போடட்டும்."

"முப்பத்தெட்டுப் பேரில் நான்கு பேருக்கா பஞ்சம்? நாளைக் காலை தண்ணீர் ஏறும்போது அனுப்புகிறோம்" என்று மூப்பர் கிளம்பிவிட்டார்.

ஒபதியா பெருக்கல் குறிகளை ஒவ்வொன்றாக சட்டைக் கையால் துடைத்தார். "சரி" என்றார்.

மறுநாள் காலை படகு கரைச்சரிவில் தயாராக நின்றது. நான்கு துடுப்புகளும் உள்ளே கிடந்தன. நகோமி மூட்டையோடும் குழந்தையோடும் வந்து ஓரமாக நின்றாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. துடுப்புப் போடுகிறவர்களைத்தான் காணோம்.

மூப்பர் தாமே வீடு வீடாகப் போனார். ஒருவருக்குத் தோள்பட்டை பிசகியிருந்தது. ஒருவருடைய பன்றி குட்டி போடுகிற நேரம். மூன்றாமவர், தாம் போட்டது அவரை விதை என்றார். அது நல்ல பதிலாகப் பட்டிருக்க வேண்டும். அடுத்தடுத்த வீடுகளிலும் அதையே சொன்னார்கள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது மூப்பர் தனியாகத் திரும்பினார்.

"பதினோரு பேர் அவரை விதை போட்டார்களாம்" என்றார்.

"மூன்று விதை பதினொன்றாகிவிட்டதா? தொப்பிக்குள் அற்புதம் நடந்திருக்கிறது, மூப்பரே" என்றாள் தெபோராள்.

மூப்பர் வீம்பாக ஒரு துடுப்பைக் கையில் எடுத்தார்.

"எடுங்கள், எடுங்கள். ஒற்றைத் துடுப்பில் படகு வட்டம் போடும். பார்க்க நன்றாக இருக்கும்" என்றாள் அவள்.

அவர் துடுப்பை வைத்துவிட்டு நகோமியை ஒருமுறை பார்த்தார். அந்தக் குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். வசந்தத்தில் வருடம் முடிந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். நகோமி மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, குழந்தையைக் கையில் பிடித்து மேட்டில் ஏறிப் போனாள்.

தெபோராளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"பார்த்தீர்களா, ஐயா? நீங்கள் ஐந்து வாரம் பலகையைக் குறை சொன்னீர்கள். நான் உள்ளதைச் சொன்னேன். அரை நாளில் முடிந்துவிட்டது."

"முடிந்துவிட்டது."

"அப்படியானால் ஒப்புக்கொள்கிறீர்கள்?"

"ஒப்புக்கொள்கிறேன்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஒபதியா சட்டைப்பைக்குள் கைவிட்டு உருண்டையான ஒரு மரக்கட்டையை எடுத்தார். படகின் அடியில் குனிந்து, அதைப் பொருத்திச் சுத்தியலால் இரண்டு அடி அடித்தார்.

கரையில் நிற்கும் படகுக்குள் மழைத் தண்ணீர் தேங்காமல் இருக்க அடியில் ஒரு துளை விட்டிருப்பார்கள். தண்ணீரில் இறக்குமுன் அதைக் கட்டை வைத்து அடைப்பார்கள். நேற்று தெபோராள் பார்த்தபோது அது அடைத்துத்தான் இருந்தது. இன்று காலையிலிருந்து அவள் மேட்டுப் பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு பேர் வந்து தள்ளியிருந்தால், கரை ஓரத்திலேயே படகுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியிருக்கும். அன்றைக்குப் பயணம் இல்லை.

"எப்போது எடுத்தீர்கள்?"

"காலையில். நீ வருமுன்."

"என்மேல் நம்பிக்கை இல்லை உங்களுக்கு."

"இருந்தது. அதனால்தான் நேற்றுக் குறுக்கே பேசவில்லை."

"பின்னே இது எதற்கு?"

ஒபதியா எழுந்து முட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"நீ தோற்றிருந்தால், படகில் ஏறுகிறவள் நீ இல்லையே, தெபோராள்."