முதல் மேக்

யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் பிறந்த மேக் என்ற கருவியை விண்டோஸில் ஓட வைப்பதற்காக இருதயராஜை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். ஒரு மென்பொருளில் எந்தக் கோப்பை முதலில் கம்பைல் செய்வது, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது, எதை அடுத்துச் செய்வது என்று பார்த்து வேலை வாங்கும் மேஸ்திரிதான் மேக். அதைக் கம்பைல் செய்யவே இன்னொரு மேக் வேண்டும் என்பதுதான் கூத்து. விண்டோஸில் அதற்கு எங்கே போவது?

வழி சொன்னவர் குழுத் தலைவர் ஹசீனா. வயதில் சின்னவர்தான், ஆனால் அவர் சொல்தான் இருதயராஜுக்கு வேதம். கட்டளைகளையெல்லாம் கையாலேயே வரிசையாக எழுதி வைத்த ஸ்கிரிப்ட் ஒன்று உண்டு, அதை ஓட்டினால் முதல் மேக் கிடைத்துவிடும் என்றார். கிடைப்பதற்குள் உயிர் போய்விட்டது. இருதயராஜ் சோறு தண்ணி மறந்து பிழைகளோடு மல்லுக்கட்டினார். கடைசியில் மேக் ஓடியது.

ஓடிவிட்டால் வேலை நிரந்தரம் என்று மனுஷன் நம்பியிருந்தார். மறுநாள் காலை, ஒப்பந்தம் முடிந்தது என்று மெயில் வந்தது. மகளைக் காலேஜில் சேர்த்திருந்த நேரம். நேராக ஹசீனாவின் மேஜைக்குப் போனார்.

"ஓட வச்சது நான்தானே மேடம். என்னை எதுக்கு அனுப்பறாங்க?"

ஹசீனா திரைப்பக்கம் திரும்பினார். இருதயராஜ் பாடுபட்டுக் கொண்டுவந்த மேக்கை வைத்தே இன்னொரு மேக்கைக் கம்பைல் செய்தார். ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. உடனே முதல் மேக்கை அழித்தார்.

இருதயராஜுக்குத் திக்கென்றது.

"அது நல்லாத்தானே ஓடுச்சு?"

"நல்லா ஓடுச்சு. அதனாலதான் ரெண்டாவது வந்துச்சு."

"வச்சிருந்தா என்ன? ஒரு மூலையில கிடந்துட்டுப் போகுது."

"யாரும் வச்சுக்க மாட்டாங்க சார். இதுதான் வழக்கம்."

அப்போதும் அவருக்கு ஒரு நப்பாசை.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா மேலிடம் கேட்கும் மேடம்."

"என்கிட்ட கேட்டுட்டுத்தான் மெயில் போட்டாங்க."

இருதயராஜுக்கு நெஞ்செல்லாம் கசந்தது. கோபம்கூட வரவில்லை. கேட்கத்தான் தோன்றியது.

"அழிக்கறப்ப உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

ஹசீனா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முதல் தடவை ஒரு ஆளை அனுப்பினப்ப எனக்குத் தோணுச்சு."