நடை பழகிய பாலம்

மொட்டைக்குழி ஊர்க்காரர்கள் சொன்னதை அப்படியே செய்கிறவர்கள். வம்பே அதில்தான்.

பூவலிங்கத்துக்கு அப்போது ஒரே கவலை. மகளுக்கு ஆற்றின் அக்கரையில் மாப்பிள்ளை பார்த்திருந்தார். "ஆத்துல இறங்கி நாங்க வரமாட்டோம். பாலம் வந்தாத்தான் கல்யாணம்" என்று சம்பந்தி முறுக்கிக்கொண்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அரசாங்க இன்ஜினியர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"இது அரசும் தனியாரும் கூட்டா செய்யுற திட்டம். மரமும் பலகையும் நாங்க தருவோம். தனியாரா நீங்க பாலத்தைக் கட்டி, நடத்தி, கடைசியில எங்ககிட்ட ஒப்படைக்கணும். ஆபத்து வந்தா சரிபாதி பகிர்ந்துக்கணும்."

ஊர் சார்பில் பூவலிங்கம், ஒச்சப்பன், சடையாண்டி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். 'தனியார்' என்று சொன்னதால் ஆளுக்கொரு மூலையில் தனியாக நின்று போட்டார்கள்.

தண்ணீரில் நின்றால் சளி பிடிக்குமென்று பாலத்தைக் கரையிலேயே கட்டினார்கள். நல்ல பாலம்தான்.

"கட்டியாச்சு. இனி நடத்தணும்" என்றார் பூவலிங்கம்.

"காலு நாலு இருக்கு. ஆனா அசைய மாட்டேங்குதே" என்றார் ஒச்சப்பன்.

"பச்சப்பிள்ளை எடுத்த எடுப்புல நடக்குமா? கையைப் பிடிச்சுத்தான் பழக்கணும்." பிள்ளை பெற்றவர் அல்லவா, பூவலிங்கத்துக்குத் தெரியும்.

"கை எங்கே இருக்கு?" என்று கேட்டார் சடையாண்டி.

வெகுநேரம் யோசித்து, கைப்பிடியைப் பிடிப்பது என்று முடிவானது.

ஊரே கைப்பிடியைப் பிடித்துத் தூக்கித் தூக்கி வைத்தது. பாலம் கோயிலைச் சுற்றியது, சந்தைக்குப் போய் வந்தது. ஒரு திருப்பத்தில் ஒச்சப்பன் காலில் இறங்கியது. அவர் அலறிய அலறலில் காக்காய்கள் பறந்தன.

"ஆபத்து வந்துருச்சு, எனக்குப் பாதி!" என்று பூவலிங்கம் தம் காலையும் நீட்டினார். பாலத்தைத் தூக்கி நியாயமாக அவர் காலிலும் வைத்தார்கள்.

முகூர்த்த நாள் வந்தது. அக்கரையில் மேளதாளத்தோடு மாப்பிள்ளை வீட்டார் காத்து நின்றார்கள். இக்கரையில் பாலம் புளியமரத்தடியில் களைப்பாறிக்கொண்டிருந்தது. பாலத்தைப் பார்வையிட வந்த இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், அதைத் தூக்கி ஆத்துல போடுங்கய்யா!"

போட்டார்கள். பாலம் ஒரு குலுங்கு குலுங்கி, ஓட்டத்தோடு மிதந்து கிளம்பியது.

"ஐயையோ, பாலம் போகுதே! பிடிங்கடா!" என்று கத்திக்கொண்டே சம்பந்தி ஆற்றில் குதித்தார். பின்னாலேயே மாப்பிள்ளை, அவருக்குப் பின்னால் மேளக்காரர்கள். பாலம் பிடிபடவில்லை. துரத்திய மொத்தக் கூட்டமும் இக்கரையில் வந்து ஏறியது.

"கைக்கு எட்டாமப் போயிருச்சே!" என்று மூச்சிரைத்தார் சம்பந்தி.

தூரத்தில் புள்ளியாக மறையும் பாலத்தையே பார்த்து நின்ற பூவலிங்கத்துக்குக் கண் கலங்கியது.

"நடக்கத்தான் சம்பந்தி நாங்க சொல்லிக்கொடுத்தோம். நீச்சல் அதுவாவே கத்துக்கிச்சு."