மரச்சீனி விளை

ரப்பர் தோட்டங்களுக்கு மேல் தாழப் பறந்து மருந்து தெளிக்கும் ஹெலிகாப்டர் வேலைக்கு ஜெபசிங் வந்து சேர்ந்த மழைக்காலத்திலேயே, கூடப் படித்த டைட்டஸ் செத்துப்போனான். அவன் ஓட்டிய ஹெலிகாப்டரின் இன்ஜின் மர உச்சிக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஜெபசிங்குக்குக் காலையில் எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. இருக்கையில் அமர்ந்தாலே இறங்கிவிடத் தோன்றியது.

ஒருநாள் பயிற்சியாளர் கேப்டன் நசீமாவிடம் கேட்டேவிட்டான்.

“மேடம், உங்களுக்கு இந்தப் பயம் எப்போ விட்டுது?”

நசீமா ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டார்.

“ஏறுங்க.”

ஜெபசிங்தான் ஓட்டினான். பக்கத்தில் அவர் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் மரங்கள் ஹெலிகாப்டரின் வயிற்றை உரசுவதுபோல அடியில் ஓடின. டைட்டஸும் கடைசியாக இதைத்தான் பார்த்திருப்பான் என்று நினைத்தான். நினைத்த மறுகணம் இன்ஜின் இருமியது. பிறகு சத்தமே இல்லை. எச்சரிக்கை மணி மட்டும் அலறியது.

“ஏசப்பா!”

அவன் இடக்கை, உயரம் ஏற்றி இறக்கும் லீவரை மேலே இழுத்தது. எப்படியாவது உயரே போய்விட வேண்டும். இழுத்தால் தலைக்கு மேல் சுழலும் இறக்கை வேகம் செத்து நின்றுவிடும் என்று படித்ததெல்லாம் அந்த நேரம் நினைவில் இல்லை.

“விடுங்க!”

நசீமா லீவரைக் கீழே அழுத்தினார். வண்டி சட்டென்று கீழே இறங்கியது. அவர் திருப்ப, இடப்பக்கம் சரிந்தது. வால் ஒரு கிளையை முறித்தது. ஜெபசிங் கண்ணை மூடிக்கொண்டான்.

முதுகெலும்பு நொறுங்கியதுபோல ஓர் அடி. பிறகு மண் வாசனை.

கண்ணைத் திறந்தபோது வண்டி மரங்களுக்கு நடுவே மரவள்ளிக் கிழங்கு நட்டிருந்த ஒரு மரச்சீனி விளைக்குள் ஒருபக்கம் சாய்ந்து நின்றது. தரையில் ஊன்றும் கீழ்ச்சட்டம் ஒன்று ஒடிந்து கிடந்தது. பெட்ரோல் நாற்றம் வந்ததும் இருவரும் இறங்கி ஓடினார்கள். வரப்பில் போய் விழுந்தார்கள்.

நசீமா தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. விரல்கள் அப்படி நடுங்கின. ஜெபசிங் வாங்கித் திறந்து கொடுத்தான்.

“மேடம்... உங்களுக்குமா பயம்?”

“தினமும்.”

“பின்ன எப்படி இந்த விளை உங்க கண்ணுல பட்டுது? எனக்கு மரம் மட்டும்தான் தெரிஞ்சுது.”

நசீமா ஒரு மடக்குக் குடித்தார்.

“பயந்ததாலதான், ஜெபசிங். கிளம்பினதுல இருந்தே விழுறதுக்கு ஒரு இடம் தேடிக்கிட்டே வந்தேன்.”