மலையணிலும் பத்துக் கிண்ணங்களும்

ஊசியிலை மரங்கள் அடர்ந்த ஒரு குளிர்காட்டில் பூவாத்தா என்றொரு மலையணில் தன் கணவன் சொக்கனோடு வாழ்ந்துவந்தது.

அது அவற்றின் சொந்தக் காடல்ல. கடல் தாண்டி, வெயில் கொளுத்தும் தெற்கு மலையில் பிறந்த அணில்கள் அவை. வெட்டிப்போட்ட ஒரு தேக்கு மரத்தின் பொந்தில் இரண்டும் அசந்து தூங்க, மரம் கப்பலேறிவிட்டது. கண்விழித்துப் பார்த்தால் எங்கும் பனி! என்ன செய்வது? வந்தது வந்தாயிற்று என்று இரண்டு வருடமாக அங்கேயே குப்பை கொட்டிக்கொண்டிருந்தன.

அந்த வருடம் குளிர்காலத்துக்குச் சற்று முன்பு பேய்மழை பெய்தது. ஓடை கரைபுரண்டு வந்து முயலின் வளையை வாரிக்கொண்டு போனது. தாய்முயல் தன் ஆறு குட்டிகளையும் இழுத்துக்கொண்டு ஒரு பாறை இடுக்கில் ஒண்டியது. இன்னும் நாலைந்து நாளில் பனி கொட்டத் தொடங்கிவிடும். ஈரத்தரையில் படுத்தால் குட்டிகள் விறைத்துப்போகும்.

அந்தக் காட்டுக்குப் பெரிய தலை கரடியம்மா. அது எல்லோரையும் கூட்டியது.

“முயலுக்குப் புது வளை கட்ட ஞாயிற்றுக்கிழமை பலகாரச் சந்தை போடுவோம்! ஆளுக்கொன்று சுட்டுக் கொண்டுவாருங்கள். சாப்பிட வருகிறவர்களிடம் இன்னது வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். நரி தன் கேக்குக்குக் கழிகள் கேட்கட்டும். முள்ளெலி தன் ரொட்டிக்குக் களிமண் கேட்கட்டும். குட்டிகள் படுக்கக் காய்ந்த புல் வேண்டும். அந்தப் பொறுப்பு யாருக்கு?”

“எனக்கு!” என்று துள்ளியது பூவாத்தா.

துள்ளாமல் என்ன செய்யும்? அது இந்தக் காட்டுக்கு வந்த புதிதில் குளிரில் வெடவெடத்துக் கிடந்தபோது, தன் ரோமத்தையே பிடுங்கிப் பொந்துக்குள் மெத்தை போட்டுக் கொடுத்தது அந்தத் தாய்முயல்தான்.

ஆனால் பொந்துக்குத் திரும்பியதும் பூவாத்தாவுக்கு ஒரு கவலை வந்துவிட்டது.

“ஏங்க, இந்தக் கூத்தைக் கேட்டீங்களா? திங்கிற பொருளைக் கையில வச்சுக்கிட்டு, ‘புல்லைக் குடு, அப்பத்தான் தருவேன்’னு கேக்கணுமாம்! எனக்கு வாய் வருமா?”

“அப்ப புல்லு எப்படிச் சேரும்?” என்றது சொக்கன்.

“அதுக்கு நான் ஒரு வழி வச்சிருக்கேன். சந்தையில உக்காரப் போறதில்ல. கேக்கைக் கிண்ணத்துல வச்சு வீடு வீடாக் குடுத்துட்டு வந்துருவேன். கிண்ணத்தை யாராச்சும் வெறுமனே திருப்பித் தருவாங்களா? முயலுக்குப் புல்லு வேணும்னு ஊருக்கே தெரியும். ஆளுக்கு ஒரு கத்தை புல்லை வச்சுத்தானே தருவாங்க!”

சொக்கன் தலையாட்டியது. தெற்கு மலையில் அதுதான் வழக்கம். பக்கத்து மரத்திலிருந்து பலாச்சுளை வந்த கிண்ணம், திரும்பும்போது நாலு நாவல்பழத்தோடு போகும். வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு சொட்டுத் தேனாவது தடவித்தான் அனுப்புவார்கள். வெறுங்கிண்ணம் அனுப்புவது, இனி உன் சங்காத்தமே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

பூவாத்தா மளமளவென்று வேலையில் இறங்கியது. குளிர்காலத்துக்குச் சேர்த்த கொட்டைகளில் பாதியை இடித்து மாவாக்கியது. தேன் ஊற்றிப் பிசைந்தது. ஊரிலிருந்து அந்தத் தேக்குப் பொந்தோடு வந்த ஏலக்காயில் மிச்சம் இரண்டே இரண்டு இருந்தது. முயலுக்கு இல்லாத ஏலக்காயா என்று அதையும் தட்டிப் போட்டது.

கேக் சுடக் கரடியம்மாவின் கல்லடுப்புதான். பூவாத்தாவுக்குப் பணியாரம் சுட்டுத்தான் பழக்கம். நிமிஷத்துக்கொரு தரம் அடுப்பைத் திறந்து குச்சியால் குத்திப் பார்த்தது.

“திறக்காதீர்கள்! கேக் அமுங்கிவிடும்!” என்று கத்தியது கரடியம்மா.

“திருப்பிப் போட வேணாமா?”

“கேக்கை யாராவது திருப்பிப் போடுவார்களா?”

கேக் நடுவில் பள்ளமாகத்தான் வந்தது. ஆனால் வாசனையோ காடெங்கும் மணத்தது! பத்துக் கிண்ணங்களில் வைத்து, வெள்ளிக்கிழமை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தது பூவாத்தா. “சும்மா சாப்பிடுங்க!” என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னது. புல் வந்தால் குவிக்க வேண்டுமே என்று பொந்துக்கு அடியில் இடத்தையும் பெருக்கி வைத்தது.

சனிக்கிழமை காலையில் முதல் கிண்ணம் வந்தது. கொண்டுவந்தது கலைமான்.

“பிரமாதம்! மிக்க நன்றி!” என்று சொல்லிவிட்டுப் போனது.

பூவாத்தா ஆவலாகக் கிண்ணத்துக்குள் எட்டிப்பார்த்தது. பளபளவென்று கழுவியிருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை!

“போகட்டும், மானுக்கு ஞாபகமறதி” என்று மனதைத் தேற்றிக்கொண்டது. அடுத்து நரி வந்தது. அதுவும் வெறுங்கிண்ணம். ஆந்தை தந்ததும் வெறுங்கிண்ணம். கரடியம்மாவின் கிண்ணத்தில் முகமே பார்க்கலாம் போலிருந்தது.

கடைசியாக முள்ளெலி வந்து பணிவாகச் சொன்னது. “மூன்று தரம் கழுவினேன். எங்கிருந்தோ ஒரு புல் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நல்லவேளை, பார்த்துவிட்டேன். அதையும் தட்டி எறிந்துவிட்டேன்!”

பூவாத்தாவுக்கு வந்த கோபத்தில் வால் இரண்டு மடங்கு பெருத்துவிட்டது.

“பாத்தீங்களா இவங்க லட்சணத்தை? தின்னுட்டு வாயைத் துடைச்சுக்கிட்டாங்க! எச்சில் கையால காக்கா ஓட்டாதவங்க!”

“நீ புல்லு வேணும்னு சொன்னியா?” என்று கேட்டது சொக்கன்.

“இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லணுமாக்கும்?”

“சொல்லாம எப்படித் தெரியும்?”

“நமக்குத் தெரியுதுல்ல!”

“நமக்குத் தெரியும். அவங்க நம்ம மலையிலயா பொறந்தாங்க?”

பூவாத்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. கோபம் ஆற ஆற, பயம் பிடித்துக்கொண்டது. கொட்டையும் போயிற்று, ஏலக்காயும் போயிற்று. அதெல்லாம் தொலையட்டும். அந்த ஆறு குட்டிகள் எதில் படுக்கும்?

ஞாயிற்றுக்கிழமை சந்தை களைகட்டியது. நரியின் பக்கத்தில் கழிகள் மலையாகக் குவிந்திருந்தன. முள்ளெலியின் பக்கத்தில் களிமண் குன்று. வானத்தில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பூவாத்தா தயங்கித் தயங்கிக் கரடியம்மாவிடம் போனது.

“வாருங்கள்! புல் எங்கே?”

“சேரலைங்க.”

“ஏன்? எவ்வளவு கேட்டீர்கள்?”

“கேக்கலைங்க. எங்க ஊர்ல பண்டத்துக்கு விலை கேக்க மாட்டோம். ஆனா வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டோம். ஏதாச்சும் வச்சுத்தான் தருவோம். அதான்...”

கரடியம்மா நெற்றியில் அடித்துக்கொண்டது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தது.

“அடக் கடவுளே! எங்கள் ஊரில் கழுவிய கிண்ணத்தில் ஒரு துரும்பு கிடந்தாலும் பெரிய அவமரியாதை! உங்களுக்கு மரியாதை செய்யத்தான் எல்லோரும் விழுந்து விழுந்து தேய்த்தோம்! உங்கள் ஊரில் கிண்ணம் பேசுமோ என்னவோ, இங்கே வாய்தான் பேச வேண்டும். ஏறுங்கள் இந்த மரக்கட்டை மேல்! நீங்களே கேளுங்கள்!”

“ஐயோ, எனக்கு வெக்கமா இருக்கே!”

“குட்டிகளுக்குக் குளிருமே!”

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. பூவாத்தா கட்டையின் மேல் தாவி ஏறியது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டது.

“என் கேக்கைச் சாப்பிட்டவங்க எல்லாரும் கேட்டுக்கங்க! முயல்குட்டிகளுக்குப் படுக்கப் புல்லு வேணும்! ஆளுக்கு ஒரு கட்டு இப்பவே கொண்டாங்க!”

மானம் போயிற்று என்று நினைத்தது பூவாத்தா.

“இவ்வளவுதானா?” என்றது கலைமான்.

“இதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமே!” என்றது நரி.

“ஐயையோ, நான் இருந்த புல்லையும் தட்டிவிட்டேனே!” என்று அலறியது முள்ளெலி.

அவ்வளவுதான், ஆளுக்கொரு திசையில் ஓடின. கலைமான் கொம்பு நிறையப் புல்லோடு வந்தது. முள்ளெலி புல்மேட்டில் உருண்டு, உடம்பெல்லாம் புல் குத்திக்கொண்டு ஒரு நடமாடும் வைக்கோல்போராக வந்து நின்றது. எல்லோரும் கைகொடுக்க, பொழுது சாய்வதற்குள் புது வளை எழுந்தது. உள்ளே முழங்கால் ஆழத்துக்குப் புல் மெத்தை!

முதல் பனி விழுந்தபோது ஆறு குட்டிகளும் மூக்கு மட்டும் வெளியே தெரியப் புல்லுக்குள் புதைந்து கிடந்தன. தாய்முயல் பூவாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டது.

“இன்னும் ஏதாச்சும் வேணுமா? வாயைத் திறந்து சொல்லணும், ஆமா!” என்று மிரட்டியது பூவாத்தா.

“வேண்டும். அந்தக் கேக்கில் இன்னொரு துண்டு” என்றது தாய்முயல்.

நம் மனதில் இருப்பது மற்றவர்களுக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று காத்திருந்து கோபித்துக்கொள்வதைவிட, வேண்டியதை வாய்விட்டுக் கேட்பதே நல்லது.