பங்காளி கட்டிய மூன்றாம் மாடி

பின்வீட்டுப் பங்காளி மூன்றாம் மாடி கட்டியதிலிருந்து ஜமீன்தார் ஏகாம்பர பூபதிக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டக்காரன் காத்தவராயனைக் கூப்பிட்டார்.

“நாளை விடியும்போது அவன் வீட்டைவிட என் வீடு பெரிதாகத் தெரியணும். இல்லாவிட்டால் உன் குடிசையைக் காலி பண்ணு!”

காத்தவராயன் ஒரு செங்கல்லையும் தொடாமல் நிம்மதியாகத் தூங்கினான். விடிந்ததும் ஜமீன்தாரை, மாளிகைக்கு முன்னால் தோட்டத்தில் இருந்த தன் குடிசை வாசலுக்கே கூட்டிவந்தான்.

“இங்கேயிருந்து பாருங்க, சாமி.”

இளவெயிலில் தகதகவென்று நின்றது ஜமீன் மாளிகை. அதற்குப் பின்னால் பங்காளி வீடு இருந்த சுவடே தெரியவில்லை.

ஜமீன்தார் வாயைப் பிளந்தார். “என் வீடு இவ்வளவு அழகா! தினமும் இதைப் பார்க்கிறாயே, உனக்கு வயிறு எரியலையாடா?”

“எதுக்கு சாமி எரியணும்? புண்ணியவான் நல்லா இருக்கணும்னு கும்பிட்டுட்டுத்தான் நானும் என் பொண்டாட்டியும் கஞ்சி குடிக்கிறோம். வெள்ளையடிக்கிற செலவு உங்களுக்கு, பார்க்கிற சுகம் எங்களுக்கு!”